பூசையில் எழுந்து நின்றவள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. புனித அன்னாள் மீது ஆணை. அது போதாது என்பவர்களுக்கு, என் இடது கையில் மிச்சமிருக்கும் விரல்கள் மீதும் ஆணை. நான் தச்சன். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவன் மிச்சத்தைப் பணயம் வைத்துப் பொய் சொல்வானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காக்கைமுனை, கெபெக் நகரத்துக்குக் கீழே, பெரிய ஆறு கடலாகிவிடலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் இருக்கிறது. பிரான்சின் ராஜா மரம் வெட்டவும் பனியில் விறைக்கவும் எங்களை இங்கே அனுப்பிவிட்டு, சில வருஷம் கழித்து நாங்கள் பெருகவில்லையே என்று வருத்தப்பட்டார். ஆண்களாக மட்டுமே அனுப்பினால் பெருகாது என்று யாரோ அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அனாதை விடுதிகளிலிருந்து பெண்களைக் கப்பலேற்றினார். ஒவ்வொருத்திக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் தொப்பி, காலுறை, ஊசி, நூல், கத்தரிக்கோல். கூடவே ஓர் ஆணை: கப்பல் வந்து இரண்டு வாரத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளாத ஆண், காட்டில் வேட்டையாடவும் ஆற்றில் மீன் பிடிக்கவும் கூடாது.

கெடு முடிந்த அன்றே ஆற்றிலிருந்த விலாங்குகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். கல்யாணமாகாதவன் தூண்டில் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு போய்விடும். நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் வந்தவள் பெரின். ரூவான் நகரத்து விடுதிப் பெண், தையல்காரி, இருபது வயதிருக்கும். எங்கள் ஊருக்கு வரும் பெண்களைத் தங்கவைத்து, ஆள் பார்த்துக் கட்டிக்கொடுப்பது மதாம் ரூசெல் என்ற விதவையின் பொறுப்பு. பெண்கள் அவள் வீட்டில் இருக்கும்வரை சாப்பாடு அவள் செலவு. ஆகையால் அவள் பார்த்துவைக்கும் பொருத்தங்கள் எல்லாம் வெகு சீக்கிரம் பொருந்திவிடும்.

பெரினுக்கு அவள் பார்த்த ஆள் ஆலைக்கார மாத்துரின். ஊர்க் கோதுமை முழுவதும் அவன் காற்றாலையில்தான் அரைபட வேண்டும் என்பது நிலப்பிரபுவின் கட்டளை. காட்டுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று நிலப்பிரபு சார்பில் சொல்வதும் அவனே. வசதியான ஆள். இரண்டு மனைவிகளைப் புதைத்தவன். மூன்றாமவள் ஜில்லத் அப்போது உயிரோடுதான் இருந்தாள். ஆனால் இருமல்.

பெண் பார்க்கும் அன்று நான் அந்த ஆலையில்தான் இருந்தேன், பல்சக்கரத்துக்குப் புதுப் பல் அடித்துக்கொண்டு. மதாம் ரூசெல் பெரினை அழைத்து வந்தாள். கணப்படுப்பு ஓரமாகக் கட்டிலில் கிடந்த ஜில்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மதாம், பொண்ணைக் கையைக் காட்டச் சொல்லுங்க."

பெரின் கையை நீட்டினாள்.

"தையல் கை. மூட்டை தூக்கிப் பழக்கமில்ல. ஆனா எலும்பு கனமாத்தான் இருக்கு."

"நீ பேசாமப் படு. இருமல் வரும்," என்றான் மாத்துரின்.

"வரட்டுமே. அதுக்காகத்தானே எல்லாரும் உக்காந்திருக்கீங்க."

 அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தச்சரே, வந்தது வந்தீங்க, என்னையும் அளந்துட்டுப் போயிடுங்க. இல்லன்னா இவரு கண்ணளவுல சொல்லுவாரு, காலை மடக்கிப் படுக்கணும்."

அளந்தேன். பத்திரம் எழுதுகிறவர் வந்தார். கட்டிய மனைவி கண்ணெதிரே கிடக்க இன்னொரு கல்யாணத்துக்கு எப்படிப் பத்திரம் எழுதுவது என்று பேனாவை வெகு நேரம் கடித்தார். கடைசியில், 'தற்போதுள்ள தடை நீங்கியதும் திருமணம் நடைபெறும்' என்று எழுதினார். தடை அப்போது கொஞ்சம் சூப் கேட்டது.

கிளம்பும்போது ஜில்லத் பெரினின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "மொதக் குளிர்காலம் நல்லா வெச்சுப்பாரு. அதுல ஏமாந்துடாதே, பொண்ணு."

நவம்பரில் தடை நீங்கியது. மாத்துரின் சவப்பெட்டி செய்ய எனக்குக் கொடுத்த பலகை, மாட்டுக் கொட்டகையின் பழைய கதவு. அதற்குள் பூமி இறுகிப்போயிருந்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களைப் பனி உருகும்வரை பரணில்தான் வைப்பது. ஜில்லத்தை ஆலைப் பரணில் வைத்தார்கள். இடம் வீணாகக்கூடாது என்று மாத்துரின் அவள் மேல் நான்கு மூட்டை ஓட்ஸ் அடுக்கினான்.

உடனே கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் லூபென் நுழைந்தான்.

லூபென் பழைய பட்டாளத்துக்காரன். பட்டாளம் பிரான்சுக்குத் திரும்பியபோது, நிலம் தருகிறார்கள் என்று இங்கேயே தங்கிவிட்டவன். நிலம் கொடுத்தார்கள். அதில் அவன் கட்டிய வீட்டில், கூரையும் மூன்று சுவர்களும் தவிர மற்ற எல்லாம் இருந்தன. வீடில்லாதவனுக்கு எந்தப் பெண்ணும் கழுத்தை நீட்டவில்லை. கெடு தாண்டிப் போனது, காடு மூடிக்கொண்டது. பிழைப்புக்கு மதாம் ரூசெல் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டான். நான் அங்கே படிக்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுல கதவாவது இருக்கா?" என்று பெரின் கேட்டாள்.

"கதவு இருக்கு. அதை எதுல மாட்டறதுன்னுதான் தெரியல."

"மழை பெய்ஞ்சா?"

"கதவுக்குப் பின்னாடி நின்னுப்பேன்."

இந்தப் பேச்சுக்கே அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பரணில் மூட்டைகளுக்கு அடியில் ஒருத்தி கிடக்கும் வீட்டுக்கு வாழப்போகிறவளுக்குக் கூரை இல்லாத வீடு காற்றோட்டமாகத் தோன்றியிருக்கலாம்.

இருவரும் பாதிரியார் ஒனொராவிடம் போனார்கள்.

"சாமி, எனக்கு அந்த ஆலைக்காரரு வேணாம். இவரைக் கட்டி வைங்க," என்றாள் பெரின்.

"பத்திரம் எழுதியாச்சே, மகளே."

"அவரு பொண்டாட்டி உசிரோட இருக்கச்சே எழுதினது, சாமி."

"இப்ப இல்லையே. இப்ப எல்லாம் சரியாயிடுச்சே," என்றார் பாதிரியார், ஒரு துண்டு ரொட்டியைச் சூப்பில் தோய்த்தபடி. ரொட்டி நல்ல வெள்ளை ரொட்டி. ஊரில் அந்த மாவு அவர் வீட்டில் மட்டும்தான் உண்டு.

பாதிரியார் கட்டிவைக்க மறுத்தால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வழி உண்டு. அதற்குக் கோமின் என்று பெயர். பூசை நடக்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பாதிரியார் ஆசீர்வாதத்துக்காகச் சபையைப் பார்த்துத் திரும்பும் கணத்தில் எழுந்து நின்று, இவரைப் புருஷனாக ஏற்றுக்கொள்கிறேன், இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகளும் பாதிரியாரும் கேட்டுவிட்டால் முடிந்தது. மேற்றிராணியார், அதாவது பிஷப், என்ன கத்தினாலும் அது கல்யாணம்தான். ஒரே சிக்கல், பாதிரியார்களும் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். இரண்டு பேர் சந்தேகமாக அசைந்தாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். அதனால்தான் இரண்டு கையையும் விரித்து நிற்கும் நேரமாகப் பார்த்து எழுந்திருப்பது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு என்று முடிவாயிற்று. லூபென் இரண்டு நண்பர்களைச் சாட்சிக்குப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை மாத்துரின் அவனை ஆலைக்குக் கூப்பிட்டனுப்பினான். நான் மறுபடியும் பல்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தேன். அந்தச் சக்கரம் மிக மோசமான சக்கரம். ஊரில் முக்கியமாக ஏதாவது பேச்சு நடக்கும் சமயம் பார்த்துத்தான் உடையும்.

"ஞாயித்துக்கிழமை எழுந்து நிக்கப் போறியாமே, தம்பி."

"யார் சொன்னா?"

"உன்னோட ரெண்டு சாட்சியும். ஒருத்தன் மாவுக்காகச் சொன்னான். இன்னொருத்தன் சும்மாவே சொன்னான்."

லூபென் கதவுப் பக்கம் திரும்பினான்.

"உக்காரு. ரொட்டி சாப்பிடு. நான் உங்கிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை எழுந்து நிக்காதே. பின் பெஞ்சுல உக்காந்திரு. உன் இடத்துல நான் உக்காந்துக்கறேன்."

"அவ பாத்துடுவா."

"எப்படிப் பாப்பா?"

கேள்வி நியாயமானது. அந்த வருஷம் அரசாங்கக் கிடங்கிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது ஒரே சிப்பம் சாம்பல் நிறக் கம்பளி. ஊரில் இருந்த எல்லா ஆண்களும் அதில்தான் முக்காடு வைத்த அங்கி தைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் பார்த்தால் ஒரே மனிதன் பல இடத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். மனைவிமார் தவறான கணவனோடு வீட்டுக்குப் போய், சாப்பாடு போட்ட பிறகு கண்டுபிடித்த சம்பவங்களும் உண்டு. சிலர் கண்டுபிடித்தும் சொல்லவில்லை.

"பனி உருகற வரைக்கும் காட்டுக்குப் போய்க்கோ. யாரும் கேக்காம நான் பாத்துக்கறேன்," என்றான் மாத்துரின். "இதோ, இந்தக் கரடித்தோல் அங்கியையும் எடுத்துக்கோ. காட்டுல குளிரும்."

லூபென் ரொட்டியை மென்றான். நன்றாக மென்று, விழுங்கி, இன்னொரு துண்டு எடுத்தான்.

"அழுவாளேய்யா."

"அழட்டும். நீ காட்டுல இருப்பே. உனக்குக் கேக்காது."

அங்கியைப் போட்டுப் பார்த்தான். "தோள்ல கொஞ்சம் இறுக்குது."

"போடப் போட விடும்."

பிறகு லூபெனே யோசனைகளும் சொன்னான். மாத்துரின் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். அவள் பக்கம் திரும்பக்கூடாது. முதலில் பேசும்படி அவளிடம் லூபெனே சொல்லிவைப்பான். அவள் சொல்லி முடிக்கும்வரை மாத்துரின் வாயே திறக்கக்கூடாது. வேலை என்று வந்துவிட்டால் லூபென் சுத்தமாகச் செய்கிறவன். வீடு ஒன்றுதான் அவனுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரினுக்கு மட்டும் தெரியாது. யாராவது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வந்ததில்லை. படுக்கையில் கிடந்தவர்களைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். காது கேளாத கியோம் கிழவன் முன் பெஞ்சுக்குச் சண்டை போட்டான். மதாம் ரூசெல் பெரினின் முக்காட்டைத் தானே சரிசெய்து, "பாத்து நடம்மா, வழுக்கும்," என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

பெரின் நடுவழி ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சாம்பல் அங்கி வந்து உட்கார்ந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று லூபென் சொல்லியிருந்தான். பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பின்னால் யாருக்கோ சிரிப்பை அடக்கப்போய் விக்கல் எடுத்தது.

பாதிரியார் திரும்பினார். இரண்டு கையையும் விரித்தார். விரித்துவிட்டுச் சற்று அதிக நேரமே வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

பெரின் எழுந்தாள். பக்கத்து அங்கியும் எழுந்தது.

"இவரை என் புருஷனா ஏத்துக்கறேன், சாமி. இங்க இருக்கற எல்லாரும் சாட்சி."

அவள் குரல் தெளிவாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து, முப்பது வருஷம் மாவுத்தூசி தின்ற தொண்டையிலிருந்து பதில் வந்தது.

"இவளை என் பொண்டாட்டியா ஏத்துக்கறேன்."

மாத்துரின் முக்காட்டைத் தள்ளினான். கோயில் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மெழுகுவத்திகள் அணைந்தன. கூரையிலிருந்த பனி மொத்தமாகச் சரிந்து, வெளியே நின்ற மணியடிப்பவனை மூடியது. அவனைத் திங்கட்கிழமைதான் தோண்டி எடுத்தோம். கியோம் கிழவன் எதுவும் கேட்காமலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

பெரின் மாத்துரினைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை பெஞ்சு பெஞ்சாக எங்கள் எல்லார் மேலும் போய், கடைசி வரிசையில் இருந்த கரடித்தோல் அங்கியில் நின்றது. லூபென் மேற்கூரையின் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். அது என் வேலைதான், நல்ல உத்தரம்.

"சாமி, இது செல்லாது. நான் சொன்னது இவரை இல்ல," என்றாள்.

"பக்கத்துல யாரு நின்னாங்களோ அவருதான், மகளே. பீடத்துக்கு முன்னால சொன்ன வார்த்தை. நான் கேட்டேன், ஊரே கேட்டது. எனக்குத் தெரியாம கட்டிக்கப் பாத்தியே, இப்ப முறையா ஆயிடுச்சு."

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றான் மாத்துரின். "அரைக்க வேண்டியது கெடக்கு."

அவள் அசையவில்லை.

"நான் சொன்னது பொய்னு சொன்னா?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பாதிரியாரின் முகம் சிவந்தது.

"யோசிச்சுப் பேசு. நற்கருணைக்கு முன்னால பொய் சத்தியம் பண்றது என்ன பாவம்னு தெரியுமா? வெறுங்காலோட, உள்சட்டை ஒண்ணோட, கழுத்துல கயிறு போட்டு, கையில மெழுகுவத்தியோட இந்தக் கோயில் வாசல்ல நிக்கணும். பனி உருகற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும். அதோட விடாது. அப்பேர்ப்பட்டவளுக்கு எந்தக் கோயில்லயும் கல்யாணங்கற பேச்சே கெடையாது. யாரும் உன்னைத் தொட முடியாது."

"யாருமேவா?"

"யாருமே."

"ராஜாவே ஆளைப் பாத்து அனுப்பினாலும்?"

"ராஜாவே வந்து முட்டி போட்டாலும்."

"எத்தனை வருஷத்துக்கு, சாமி?"

"சாகற வரைக்கும்," என்று பாதிரியார் பீடத்தைத் தட்டினார். அவளைப் பயமுறுத்தத்தான் சொன்னார். அவருடைய பிரசங்கங்களில் அதுவரை யாரும் பயப்படாமல் இருந்ததில்லை.

பெரின் குனிந்து காலணிகளைக் கழற்றினாள். பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக, ஜோடியாக வைத்தாள்.

"நான் பொய் சத்தியம் பண்ணினேன். இவரும் கேட்டாரு, நீங்களும் கேட்டீங்க, ஊரே கேட்டது. மெழுகுவத்தியைக் குடுங்க."

"சாமி, அந்தக் கடைசில சொன்னீங்களே, அதை மட்டும் திருப்பி வாங்கிக்குங்க," என்று மாத்துரின் எழுந்தான்.

"பீடத்துலேர்ந்து சொல்லிட்டேனேப்பா," என்றார் பாதிரியார் மெதுவாக. பெரினுக்குக் கண்ணி வைத்தவர் அதிலேயே தன் காலையும் விட்டிருந்தார்.

அன்றே நின்றாள். கல்லின்மேல் படிந்திருந்த பனியில், உள்சட்டையோடு. நாங்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் வெளியே வந்தோம். மதாம் ரூசெல் அவள் காதருகே, "என் வீட்டுல இன்னும் எத்தனை நாள் உக்காந்து திங்கறதா உத்தேசம், சனியனே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் பனிக்கட்டியை உருட்டி எறிந்தார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள், மெழுகுவத்தியில் படக்கூடாதென்று.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நின்றாள். அந்த ஜனவரியில் குளிர் எப்படி என்றால், என் எருது தண்ணீர் குடிக்கத் தலையைக் குனிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஏப்ரல் வரை அதன் கொம்பில் ஊர்க்காரர்கள் அங்கியைத் தொங்கவிட்டார்கள். ஊரில் பந்தயம் கட்டினார்கள். எத்தனை விரல் போகும் என்பதுதான் பந்தயம். இடது காலில் இரண்டு போயின. அதற்கு மேல் சொன்னவர்கள் ஏமாந்தார்கள்.

லூபென் ஒவ்வொரு ஞாயிறும் கரடித்தோலில் வந்து, தலையைக் குனிந்து உள்ளே போவான். ஒரு ஞாயிறு நின்றான்.

"பெரின், இதைக் கொஞ்ச நேரம் போட்டுக்கோ. யாரும் பாக்கல."

"வேணாம். அதுக்குள்ள முன்னாடி இருந்தது ஒரு நல்ல கரடி. அதோட வாசனை போயிடுச்சு."

அவன் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பூசை முடியும்வரை அங்கியின் கையை அடிக்கடி முகர்ந்து பார்த்தான்.

மாத்துரின் வேறு பெண் கேட்டு மதாம் ரூசெலிடம் போனான். அந்தக் கப்பலில் வந்த மற்றப் பெண்கள் எல்லாம் கட்டிக்கொடுத்து முடிந்திருந்தார்கள். அவன் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மதாம் ரூசெல் மேலேயே வந்து தங்கியது. மறுநாளிலிருந்து அவளுக்குக் கடுமையான இருமல்.

ஏப்ரலில் பனி உருகியது. ஆலைப் பரணிலிருந்து ஜில்லத்தை இறக்கிப் புதைத்தோம். அடுத்த நாள் கடைசி ஞாயிறு. பூசை முடிந்ததும் பாதிரியார் பெரினின் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். அவள் நன்றாகத்தான் நின்றிருந்தாள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"பாவமன்னிப்பு குடுக்கறேன், மகளே. ஒருவேளை மேற்றிராணியாருக்கு நான் எழுதிப் போட்டா, அந்தக் கல்யாணத் தடையைக்கூட..."

"எழுதாதீங்க, சாமி."

"நல்ல பையனா யாராவது..."

"எழுதினீங்கன்னா மறுபடியும் உங்க பீடத்துக்கு முன்னால பொய் சத்தியம் பண்ணுவேன். இன்னும் எட்டு விரல் இருக்கு."

நான் அவளுக்காகச் செய்திருந்த மரக்காலணியைப் போட்டுக்கொண்டு நொண்டியபடி மதாம் ரூசெல் வீட்டுக்குப் போனாள். மேசைக்கு முன்னால், கணப்படுப்பு பக்கமாக இருந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிக்கொடுத்து வெளியே அனுப்ப இனி இந்த உலகத்தில் யாராலும் முடியாத பெண் அவள். மதாம் ரூசெல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சூப் போடுங்க, மதாம்," என்றாள் பெரின். "கறியோட."

மதாம் ரூசெல் போட்டாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் போட்டாள்.

பனி உருகிய அந்த ஆண்டு பிரான்சிலிருந்து எங்கள் ஆற்றுக்குப் பெண்களை ஏற்றிய கப்பல் எதுவும் வரவில்லை. மாத்துரின் தினமும் கரையில் நின்று பார்த்தான்.